110-உம் 125-உம் ஒன்றல்ல: பார்கின்சன் மாத்திரை கிடைக்காத நாட்களில்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாத்திரை கம்பெனியின் பெயரையும் நான் விட்டுவிடுகிறேன். நீண்ட கடிதத்தின் சாரம் இது.

அப்பாவுக்கு வயது 71. பார்கின்சன் நோய் வந்து ஒன்பது வருடம். மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுகிறார்கள். கடைசியாகப் பார்த்து நான்கு மாதம் ஆகிறது. லெவோடோபா–கார்பிடோபா 125 மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று நான்கு வேளை. படுக்கும்போது அதே மருந்தில் மெதுவாகக் கரையும் ‘சி.ஆர். 125’ ஒன்று. கூடவே பிராமிபெக்சோல் 0.5 மில்லிகிராம் மூன்று வேளை. மூன்று வாரமாக அவர்கள் ஊரிலும் பக்கத்து டவுனிலும் 125 இல்லை. “கம்பெனியிலிருந்தே வரவில்லை” என்கிறார்கள். கடைக்காரர் “இதுவும் அதே மருந்துதான்” என்று 110 எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதுவும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, நான்கு வேளையை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். முதல் மூன்று நாள் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு குமட்டல், வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். உள்ளூர் கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டார்கள். அன்று ராத்திரி அப்பாவால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. இரண்டு நாளில் கொஞ்சம் தேவலை, ஆனால் பழையபடி இல்லை. சி.ஆர். மாத்திரையை விழுங்கச் சிரமப்படுவதால் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள். பீரோவில் 125 மாத்திரை 18 இருக்கிறது. ‘ஆபத்துக்கு’ என்று தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஆளாளுக்கு ஒரு யோசனை. பெங்களூர் அண்ணன் பிராமிபெக்சோலை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். கடைக்காரர் நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் தருகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்காலிப் பொடி. அத்தை மகன் மலேசியாவிலிருந்து அனுப்பட்டுமா என்கிறார். அப்பாவோ, “மருந்துக்கும் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் நல்லதுதானே” என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படிக்கும்போது அப்பாவுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருக்கிறதா? உடம்பு கட்டையாக விறைத்து, வியர்த்துக் கொட்டி, ஆள் தெரியாமல் பேசுகிறாரா? சிறுநீர் கறுத்துப் போகிறதா? அப்படியென்றால் மீதியை அப்புறம் படியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினாலோ வெகுவாகக் குறைத்தாலோ, சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் இந்த நிலை வரலாம். உயிருக்கே ஆபத்து. அவசரப் பிரிவில் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ முதலில் எண்ணிவிட இடமிருக்கிறது. அதனால் உள்ளே நுழைந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “பார்கின்சன் மாத்திரை மூன்று வாரமாகக் குறைந்துவிட்டது.”

கடிதத்தில் காய்ச்சலைப் பற்றி எதுவும் இல்லை. அதனால் மற்றவற்றைப் பேசலாம்.

குமட்டல் எங்கிருந்து வந்தது

அட்டையில் உள்ள எண், இரண்டு மருந்துகளின் கூட்டுத்தொகை. 125 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 25. 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 275 என்று ஒன்று உண்டு. அது 250-உம் 25-உம். கடைக்காரர் “அதே மருந்துதான்” என்றது லெவோடோபாவைப் பொறுத்தவரை சரி. கார்பிடோபாவில் பாதிகூட இல்லை.

கார்பிடோபா நடுக்கத்தையோ விறைப்பையோ குறைப்பதில்லை. அதனால்தான் பலரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பார்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் ரசாயனம் டோபமின். லெவோடோபா மூளைக்குள் போன பிறகுதான் டோபமினாக மாற வேண்டும். வழியில், குடலிலும் ரத்தத்திலுமே மாறிவிட்டால் மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். வெளியே உண்டான டோபமின் வாந்தியைத் தூண்டும், ரத்த அழுத்தத்தை இறக்கும். வழியில் நடக்கும் அந்த மாற்றத்தைத் தடுப்பதுதான் கார்பிடோபாவின் ஒரே வேலை. அதை முழுமையாகச் செய்ய ஒரு நாளைக்கு மொத்தமாக 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். முன்பு நான்கு 125-உம் ஒரு சி.ஆர். 125-உம்: லெவோடோபா 500, கார்பிடோபா 125. இப்போது மூன்று 110-உம் ஒரு சி.ஆர்.-உம்: லெவோடோபா 400, கார்பிடோபா 55. லெவோடோபாவில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைத்தோம் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே போன 400-லும் முன்பைவிட அதிகப் பங்கு வழியிலேயே வீணாகியிருக்கிறது. குமட்டலும் தலைசுற்றலும் அந்த வீணான பங்கின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயிற்றுக் கோளாறு என்று தேடினால் அகப்படாது.

அடுத்தது ஊசி. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. கிளினிக்குகளில் வாந்திக்குச் சட்டென்று எடுப்பது பெரும்பாலும் மெட்டோகுளோப்ரமைடு. மற்றவர்களுக்கு நல்ல மருந்து. பார்கின்சன் நோயாளிக்கு அது மூளையில் டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அன்று ராத்திரி அப்பாவால் புரள முடியாமல் போனதற்கும், இரண்டு நாளில் கொஞ்சம் தேறியதற்கும் இது பொருந்துகிறது. கிளினிக்கில் போய் ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சண்டைக்காக அல்ல, உங்கள் மதுரை மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

ஆக, கார்பிடோபா குறைந்து வாந்தி வந்திருக்கலாம், வாந்திக்குப் போட்ட ஊசியால் விறைப்பு கூடியிருக்கலாம். நோய் முற்றிவிட்டதோ என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் பயந்திருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் இப்படி முற்றுகிற நோயல்ல இது.

பீரோவில் இருக்கும் 18

‘ஆபத்துக்கு’ என்று வைத்திருக்கிறீர்களே, அந்த ஆபத்து இதுதான். எடுத்துப் பயன்படுத்துங்கள். நாளைக்கு நான்காகக் கொடுத்தால் நாலரை நாளில் தீர்ந்துவிடும். கையில் 110-உம் இருப்பதால் வேறு கணக்குப் போடலாம். காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் 125, காலை 10-க்கும் மாலை 6-க்கும் 110, இரவு சி.ஆர். முழு மாத்திரையாக. லெவோடோபா பழைய 500-க்குத் திரும்பிவிடும். கார்பிடோபா 50-உம் 20-உம் 25-உம் சேர்ந்து 95. முன்பிருந்த 125 இல்லையென்றாலும் தேவையான வரம்புக்குள் வந்துவிடும். 18 மாத்திரை ஒன்பது நாள் ஓடும்.

இந்த மாற்றத்தை இன்றே போனில் மதுரை மருத்துவரிடம் சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி, ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த நோயாளிக்கு அதே நோய்க்காக மருத்துவர் போனிலோ வீடியோவிலோ ஆலோசனை சொல்லி மருந்து எழுதித் தரலாம். நீங்கள் பார்த்து நான்கு மாதம்தான் ஆகிறது.

மூன்று வேளையாக்கியதும் முதல் மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, அப்பாவுக்கு மூன்றே போதும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். லெவோடோபாவுக்கு இரண்டு விதமான பலன் உண்டு. ஒன்று மாத்திரை போட்டதும் வந்து சில மணி நேரத்தில் இறங்குவது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இன்னொன்று, மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டதால் உடம்பில் தங்கி நிற்பது. அது வடிய சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். முதல் மூன்று நாள் அப்பா நடமாடியது அந்தப் பழைய சேமிப்பில்.

வேறு வழியே இல்லாமல் குறைத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், ஒரு வேளையை அடியோடு எடுப்பதைவிட எந்த வேளையில் எவ்வளவு குறைப்பது என்று மருத்துவர் சொல்வதுதான் பாதுகாப்பு. காலை முதல் மாத்திரையில் பொதுவாகக் கை வைக்க மாட்டார்கள். இரவில் மருந்து வடிந்துபோன உடம்பு அதை நம்பித்தான் எழுகிறது.

சி.ஆர். மாத்திரையைப் பொடிக்காதீர்கள்

அது மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தது. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். இரவு பத்து மணிக்குக் கை கால் தானாக நெளியும், எழுந்தால் கிறுகிறுக்கும். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு மருந்தே இருக்காது. விழுங்கச் சிரமம் என்றால் நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு கரண்டி மசித்த வாழைப்பழத்துக்குள் முழு மாத்திரையை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் புரையேறினால் வற்புறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண 125, 110 மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்; தடையில்லை.

சி.ஆர். மட்டும் கிடைக்கிறது, சாதாரண மாத்திரை இல்லை என்ற நிலைமையும் வரலாம். அப்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் பலன் குறையும். சி.ஆர். மாத்திரையில் உள்ள 100 மில்லிகிராம் லெவோடோபாவில் உடம்புக்குச் சேருவது சாதாரண மாத்திரையின் 70, 75 அளவுதான். வேலை தொடங்கவும் தாமதமாகும்.

மற்றவர்கள் சொன்ன யோசனைகள்

அண்ணனின் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. பிராமிபெக்சோலும் டோபமின் போல வேலை செய்வதுதான். ஆனால் இன்றைக்கு ஒன்றரை மில்லிகிராம், நாளைக்கு மூன்று என்று அதைத் தாவ முடியாது. வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. 71 வயதில் கிரியாட்டினின் பார்க்காமல் கூட்டுவது சரியல்ல. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவது, காலில் வீக்கம், சிலருக்குச் சூதாட்டத்திலோ செலவிலோ அடக்க முடியாத வெறி, இவையெல்லாம் இதன் பக்கவிளைவுகள். நாளை இதற்கும் தட்டுப்பாடு வந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பதற்றமும் வியர்வையும் மனச்சோர்வுமாக ஆளை உலுக்கிவிடும்.

டிரைஹெக்சிபெனிடில் வேண்டாம். இளவயதுக்காரருக்கு நடுக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் யோசிக்கிற மருந்து அது. எழுபது தாண்டியவருக்கு மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் என்று வரிசையாக வரும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். குடலும் இரைப்பையும் மந்தமானால் இருக்கிற லெவோடோபாவும் நேரத்துக்கு ஏறாது.

பூனைக்காலியைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் சிரித்து ஒதுக்க முடியாது. அதன் விதையில் இருப்பது உண்மையிலேயே லெவோடோபா. 2017-இல் பொலிவியாவில் 18 நோயாளிகளிடம் வறுத்து அரைத்த விதையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் விறைப்பு குறைந்தது. ஆனால் அங்கே அளவு தெரிந்து கொடுத்தார்கள். விதைக்கு விதை, நிலத்துக்கு நிலம் லெவோடோபா ஏறக்குறைய 3 முதல் 6 சதவீதம் வரை மாறும். தவிர அதில் கார்பிடோபா கிடையாது. கார்பிடோபா இல்லாவிட்டால் லெவோடோபா சுமார் நான்கு மடங்கு வேண்டும். அப்பாவின் ஒரு நாள் 500 மில்லிகிராமுக்கு ஈடுகட்ட 2,000 மில்லிகிராம். பொடிக்கணக்கில் 33 கிராமிலிருந்து 67 கிராம் வரை. கடையில் சொல்லும் ஒரு ஸ்பூன், அதாவது ஐந்து கிராம், எந்த மூலைக்கு? ஏற்கெனவே வாந்தி எடுத்த மனிதருக்கு ஐம்பது, அறுபது கிராம் கொடுத்தால் வயிறு என்ன பாடுபடும்? மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: மாத்திரையிலுள்ள கார்பிடோபா பொடிக்கும் துணையாகிவிடும், பலன் எவ்வளவு ஏறும் என்று யாராலும் கணிக்க முடியாது. வேறு எதுவுமே கிடைக்காத இடத்தில் மருத்துவர் கண்காணிப்பில் யோசிக்க வேண்டியது அது. மதுரை எட்டும் தூரத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

மலேசியாவிலிருந்து வரும் மாத்திரையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே கார்பிடோபாவுக்குப் பதில் பென்செராசைடு சேர்ந்த மாத்திரை புழக்கத்தில் இருக்கிறது. வேலை ஒன்றுதான், 100-உம் 25-உம் சேர்ந்த 125 வந்தால் மருத்துவரைக் கேட்டு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதிலேயே 250 என்று ஒன்று உண்டு. அது 200-உம் 50-உம், இரட்டை அளவு. சில நாடுகளின் அட்டைகளில் கார்பிடோபாவை முதலில் போட்டு 25/100 என்று அச்சிடுவார்கள். அதையும் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. சட்டத்தைப் பொறுத்தவரை, பயணி தன் சொந்த உபயோகத்துக்கு 100 வேளை அளவு வரை கொண்டுவரத்தான் சலுகை. தபாலில் வரவழைக்க 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் மதுரையிலேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்பா சொல்கிற ‘ஓய்வு’ அவர் சொந்தக் கற்பனையல்ல. 1970-களிலும் 80-களிலும் நரம்பியல் மருத்துவர்களே நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சில நாள் லெவோடோபாவை நிறுத்திப் பார்த்தார்கள். மறுபடி தொடங்கும்போது நன்றாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை. புரையேறி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, நான் மேலே சொன்ன காய்ச்சல் என்று ஆபத்துகள் வந்ததால் அதைக் கைவிட்டார்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ‘சும்மா சாப்பிடுங்கள்’ என்பதைவிட, ‘செய்து பார்த்து விட்டுவிட்டார்கள்’ என்றால் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கடையில் என்ன கேட்பது

பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டால் “ஸ்டாக் இல்லை” என்று முடித்துவிடுவார்கள். ஒரு கம்பெனிச் சரக்கு வராவிட்டாலும் வேறு கம்பெனியின் 100/25 இருக்கலாம். ஆனால் கடைக்காரர் அதைத் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொரு தயாரிப்பை, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும், கடையில் மாற்றித்தரக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதி சொல்கிறது. உங்களுக்கு 110 கொடுத்தது அந்த விதிப்படி தவறு. பகைத்துக்கொள்ள வேண்டாம், அவர் உதவியும் உங்களுக்குத் தேவை.

சரியான வழி, சீட்டை மாற்றி வாங்குவது. மருத்துவரிடம் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “லெவோடோபா 100 + கார்பிடோபா 25, சாதாரண மாத்திரை, எந்த நிறுவனமானாலும்.” லெவோடோபா எவ்வளவு, கார்பிடோபா எவ்வளவு, சாதாரணமா சி.ஆர்.-ஆ, இந்த மூன்றும் ஒத்துப்போனால் போதும். அட்டையின் நிறமோ மாத்திரையின் நிறமோ மாறினால் அப்பா சந்தேகப்படலாம், முன்கூட்டியே காட்டிவிடுங்கள். நிறுவனம் மாறிய முதல் வாரம் சின்ன ஏற்ற இறக்கம் தெரிந்தால் குறித்துவையுங்கள்.

இந்தச் சீட்டோடு உங்கள் கடைக்காரரிடமே போய், ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் போட்டு 100/25 எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவமனைகளின் உள்ளேயே இருக்கும் மருந்தகங்களில் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். அன்றாடம் நகர்கிற சரக்கு. மதுரை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுப் போட்டு, தனியார் சீட்டையும் காட்டினால் இருப்பில் உள்ள அளவை இலவசமாகத் தருவார்கள். அங்கே 110 மட்டும் இருந்தால், அதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று அங்குள்ள மருத்துவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள். மக்கள் மருந்தகம், 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்டுப் பார்க்கலாம். அட்டையில்லாத உதிரி மாத்திரை, பில் இல்லாத மாத்திரை, வாட்ஸப்பில் யாரோ விற்கிற மாத்திரை எதையும் வாங்காதீர்கள்.

புகார் செய்யவும் இடமுண்டு. லெவோடோபா–கார்பிடோபா தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தின் தயாரிப்பை நிறுத்த விரும்பும் நிறுவனம் ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. கையில் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லவும் கடைக்கோ மொத்த வியாபாரிக்கோ உரிமையில்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இலவச எண் 1800 111 255. ‘பார்மா ஜன் சமாதான்’ என்ற அவர்களுடைய இணையப் பக்கத்திலும் மருந்து கிடைக்கவில்லை என்று பதியலாம். மருந்தின் பெயர், அளவு, எந்தெந்தக் கடையில் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதைக் குறித்து அனுப்புங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் ஒரு பிரதி. புகார் போட்ட மறுநாள் மாத்திரை வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேடுவதை நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்பது நாளுக்குள் மருத்துவரிடம் பேச வேண்டியது

100/25 எங்குமே அகப்படவில்லை என்றால் அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. லெவோடோபா, கார்பிடோபாவோடு என்டகாபோனும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை ஒன்று. அதிலும் 100/25 அடக்கம். ஆனால் என்டகாபோன் லெவோடோபாவின் பலனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டும் என்பதால் நான்கு வேளைக்கு நான்கு என்று போட முடியாது. கை கால் நெளிவு வருகிறதா என்று பார்த்துக் குறைப்பார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். ரசாகிலின் என்ற வேறொரு பார்கின்சன் மருந்தைச் சேர்ப்பது இன்னொரு வழி, பலன் மெல்லியது. 275-ஐப் பாதியாக உடைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பாதியில் லெவோடோபா 125, கார்பிடோபா 12.5. அதாவது 110-இன் குறையேதான் அதிலும்.

குமட்டல் தொடர்ந்தால் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தை எழுதித் தரலாமா என்று கேளுங்கள். இதயக் கோளாறு இருந்தால் முதலில் இ.சி.ஜி. பார்ப்பார்கள்.

இருக்கிற மாத்திரையின் முழுப் பலனும் கிடைக்க ஒன்று செய்யலாம். காலை 6 மணி மாத்திரையைப் பாலில் கொடுப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் கொடுங்கள். பால், பருப்பு, முட்டை, சுண்டல் இவற்றிலுள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில்தான் நுழைய வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் வித்தியாசம் தெரியும். குமட்டல் இருக்கும்வரை இரண்டு ரஸ்க் கொடுக்கலாம், பரவாயில்லை. புரதத்தைக் குறைக்காதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு நகர்த்துங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

மாத்திரை கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்க வேண்டாம். அப்படி எல்லோரும் அடுக்குவதாலும் கடை காலியாகிறது. ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொண்டு, பழைய அட்டையை முதலில் எடுங்கள். கையிருப்பு பதினைந்து நாளாக இறங்கியதும் கடைக்குப் போக வேண்டும். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டால் ஈரம் பட்டு மாத்திரை நிறம் மாறும்.

கடைசியாக, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: அப்பாவின் பெயர், பார்கின்சன், ஒவ்வொரு மாத்திரையின் அளவும் நேரமும், மதுரை மருத்துவரின் எண். அதன் கீழே கொடுக்கக் கூடாதவை: மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால், தலைசுற்றலுக்கு எழுதுகிற சின்னரிசின், ஃப்ளூனரிசின். அதற்கும் கீழே: “வாயால் சாப்பிட முடியாவிட்டாலும் லெவோடோபாவை நிறுத்த வேண்டாம், மூக்குக் குழாய் வழியாகவாவது கொடுக்கவும்.” இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னொன்றை அந்தக் கிளினிக்கில் கொடுத்து, அப்பாவின் ஃபைலில் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.